வண்டிய எங்கய்யா அவுக்கப் போற?

ஏலே பேராண்டி, அந்தக் கம்ப்யூட்டர கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. நாற்காலிய ஜன்னல் ஓரமாப் போடு, தெருவப் பாத்துக்கிட்டே பேசுதேன். என்ன படம் இது? தீம் பார்க்குக்குப் பக்கத்துல ஓட்டலா? நம்மூர்ல ஓட்டல்னா நாலு இட்லி திங்குற இடம். இங்க படுத்து எந்திரிக்கிற இடம். சரி, எத்தனை ரூம்பு? எழுநூறா? பேஷ்.

நீச்சல் குளம் போட்டிருக்க. குளத்துக்குள்ள ஒரு மலை. மலை உச்சியில இருந்து பிள்ளைக வழுக்கி விழ ஒரு குழாய். வாசல்ல ஈச்ச மரம் பதினாறு எண்ணினேன். எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. வண்டிய எங்கய்யா அவுக்கச் சொல்லுத?

“பார்க்கிங்கா தாத்தா? அதக் கடைசியில பாத்துக்கலாம்”னு சிரிக்க. சிரி. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்லி வச்சவன் கார் வச்சிருக்கல. வச்சிருந்தா மூணாவதா ஒண்ணு சேத்துச் சொல்லியிருப்பான்.

நான் ஆறு மாச விசாவுல வந்த கிழவன். எனக்கு இங்க சோலி என்ன இருக்கு? உங்கப்பன் ஐபேடுல எழுத்தப் பெருசாக்கிக் குடுத்தான். இந்தா இருக்கே அனாஹைம், அங்க டிஸ்னிலேண்டுக்காரவுக ஓட்டல் கட்டப் புறப்பட்ட கதைய ஒண்ணு விடாம வாசிச்சிட்டேன். பெரிய மூளைக்காரவுக. அவுக பட்ட பாட்டச் சொல்லுதேன், காதுல வாங்கிக்கோ. துட்டு வேண்டாம்.

முதல்ல ஆதியில இருந்து வருவோம். வால்ட் டிஸ்னி அனாஹைம்ல ஆரஞ்சுத் தோப்பும் வால்நட் தோப்புமா 160 ஏக்கர் வாங்கினாரு. 1955 ஜூலைல பூங்காவத் திறந்தாரு. அந்த 160-ல மனுசன் ஆடிப்பாட விட்டது எவ்வளவுங்க? சுமாரா 60 ஏக்கர். மிச்சம் 100 ஏக்கர் கார் நிக்க. 12,000 காருக்கு மேல நிக்குமாம். தாத்தா எட்டாங்கிளாஸ், ஆனா வகுத்தல் வரும். ஒரு காருக்கு, போக்குவரத்து வழியும் சேத்து, 360 சதுர அடி. நீ வரைஞ்சிருக்கியே ரூம்பு, அது எத்தனை? 350-ஆ? அப்ப ஒரு குடும்பம் தூங்க எவ்வளவு இடம் வேணுமோ, அதைவிடக் கையகலம் கூடுதலாவே கேக்கு கார். அது மெத்தையும் கேக்கல, டிவியும் கேக்கல. இடத்தை மட்டும் விட்டுக் குடுக்காது.

ஓட்டல் கட்ட அப்பவே வால்ட் டிஸ்னிக்கு ஆசைதான். கையில காசில்ல. ஜாக் ராதர்னு ஒரு டெலிவிஷன்காரரு கட்டினாரு. டிஸ்னி பேரு, ராதர் கல்லாப்பெட்டி. அந்த ஓட்டலத் திரும்பக் கைக்குக் கொண்டுவர கம்பெனிக்கு 1988 வரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள பூங்காவச் சுத்தி, ஹார்பர் புலவார்டு ரோட்டுல, ஆளாளுக்கு லாட்ஜ் போட்டுச் சம்பாரிச்சுக்கிட்டு இருந்தான். அந்தச் சூடு பட்டுத்தான் வால்ட் டிஸ்னி ஃபுளோரிடாவுல பேரு தெரியாம ஆள விட்டு 27,000 ஏக்கர வளைச்சாரு. அங்க இடத்துக்குப் பஞ்சமில்ல. இங்க அனாஹைம்ல, சட்டை அதேதான், பிள்ளை மட்டும் வளந்துட்டான்.

வளந்த பிள்ளைக்கு என்ன செஞ்சாக? 100 ஏக்கர் கார் நின்ன தரையில ரெண்டாவது பூங்காவ எழுப்பினாக. கலிபோர்னியா அட்வெஞ்சர், 2001-ல. ஆனா ஒண்ணு கவனி. அதுக்கு முன்னால 2000-த்துலயே சுமார் 10,000 கார் நிக்க ஆறு மாடிக் கட்டடம் ஒண்ண எழுப்பி வச்சிட்டுத்தான் பூங்காவத் திறந்தாக. மிக்கி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்னு பேரு. முதல்ல தொழுவம், அப்புறம் மாடு. அன்னைக்கு அந்தப் புத்தி இருந்துச்சு.

அந்தக் கட்டடத்துக்குத்தான் போன வாரம் நாம போனோம். ராத்திரி வாணவேடிக்கை முடிஞ்சு, ஊரே ஒரே நேரத்துல கிளம்பி வருது. தோள்ல தூங்குற பிள்ளை, கையில பலூன், காலுல கொப்புளம். உங்கப்பன் “டெய்சி மாடி”ங்கான். உங்கம்மா “மிக்கி மாடி”ங்கா. நீ போனத் தடவுத, சார்ஜ் இல்ல. காரு சாவிய அமுக்கி அமுக்கி உங்கப்பன் பெருவிரலு தேஞ்சதுதான் மிச்சம். நாந்தான் சொன்னேன், தொங்கு காது நாய் படம் போட்ட மாடிடான்னு. கூஃபி. போய்ப் பாத்தா நிக்கு. மூணு டிகிரிக்காரன் உள்ள குடும்பத்துல எட்டாங்கிளாஸ்தான் காரக் கண்டுபிடிச்சது. இருக்கன்குடி ஆடி வெள்ளிக்கு ஆயிரம் மாட்டுவண்டிக்கு நடுவுல ராத்திரியில எங்க வண்டியக் கண்டுபிடிச்சவன்லே நான். அங்க ஊருக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு அடையாளம். இங்க மாடிக்கு ஒரு பொம்மை. வித்தை ஒண்ணுதான்.

இப்ப உன் ஓட்டலுக்கு வா. 700 ரூம்புன்னா 700 கார்னுதான கணக்குப் போட்டிருக்க? அங்கதான் கோட்டை விட்ட. ரூம்பு காலி பண்ணுறவன் பதினோரு மணிக்குச் சாவியக் குடுத்திருவான். ஆனா காரு போகுமா? பெட்டிய காருக்குள்ள போட்டுட்டு ராத்திரி வரைக்கும் ராட்டினத்துல சுத்துவான். இன்னைக்கு ரூம்பு எடுக்கிறவன் சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டியவன், காலையில ஏழு மணிக்கே வந்து காரப் போட்டுட்டு அவனும் ராட்டினத்துக்குப் போயிருவான். கட்டில் ஒண்ணு, காரு ரெண்டு. இதுபோக மெத்தை விரிக்கிறவ, தோசைக்கல்லு பிடிக்கிறவன், மிக்கி வேஷம் போடுறவன், எல்லாரும் வேலைக்கு வாரது எதுல? பறந்தா வாராக?

சரி, 2016-ல டிஸ்னிக்காரவுக அனாஹைம்ல நாலாவது ஓட்டலுக்குக் கோடு போட்டாக. அதுவும் உன்ன மாதிரியே 700 ரூம்பு. இடம் எது தெரியுமா? டவுன்டவுன் டிஸ்னி கடைத்தெருவுக்கு வடக்க, கார் நிக்கிற இடம். நகரசபையும் ஓட்டெடுத்து மூணுக்கு ரெண்டுன்னு சரின்னுச்சு. தங்க வாரவன்கிட்ட வசூலாகுற 15 சதவீத வரியில 70 சதவீதத்தை 20 வருசத்துக்குக் கம்பெனிக்கே திருப்பிக் குடுப்போம்னாக. சுமார் 26 கோடியே 70 லட்சம் டாலர். மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுல இம்புட்டுச் சீர் செய்ய மாட்டாக.

அதே வருசம் கிழக்க, ஹார்பர் ரோட்டுக்கு அங்கிட்டு, 6,900 கார் நிக்க ஒரு கட்டடத்துக்கும் திட்டம். ரோட்டுக்கு மேல நடைபாலம். அதுக்காக அங்க இருந்த ஒரு சின்ன ஓட்டல 2015-லயே 3 கோடியே 20 லட்சம் டாலர் குடுத்து வாங்கி, பின்னால இடிச்சும் போட்டாக. பாத்துக்கோ எய்யா: வண்டி நிறுத்த ஓட்டல இடிக்காக, ஓட்டல் கட்ட வண்டி நிறுத்துற இடத்த எடுக்காக. வேட்டியக் கிழிச்சுத் துண்டும், துண்ட ஒட்டி வேட்டியும் தைக்கிற சோலி.

பக்கத்து லாட்ஜுக்காரவுக சும்மா விடுவாகளா? இத்தனை வருசமா அவுக வாசல்ல இறங்கி ரோட்டத் தாண்டினா பூங்கா. இப்பப் பாலம் வந்தா, அவுக ஆளுக சுத்திக்கிட்டுப் போகணும். பாலம் நம்ம வாசலத் தொடாதுன்னா நமக்கு எதுக்குப் பாலம்னு கூப்பாடு. கம்பெனி 2017 அக்டோபர்ல கிழக்குக் கட்டடத்தக் கைவிட்டுது. பூங்காவுக்கு மேற்காம, பழைய மிக்கி கட்டடத்தை ஒட்டி அதக் கட்டிக்கிடுவோம்னுச்சு. அது 2019-ல 6,500 காரோட பிக்சார் பால்ஸ்னு வந்தும் போச்சு. கார் பிழைச்சுக்கிடுச்சு. மாட்டினது ஓட்டல்.

எப்படிங்க? அதே 2017 அக்டோபர்ல ஓட்டலையும் இடம் மாத்தினாக. கூப்பிடு தூரந்தான். கார் நின்ன இடத்த விட்டுட்டு, கடைத்தெருவுக்குள்ள. சினிமாக் கொட்டகை, மழைக்காட்டுக் கணக்கா சோடிச்ச சாப்பாட்டுக் கடை, சாண்ட்விச் கடை எல்லாத்தையும் 2018 ஜூன்ல மூடச் சொல்லியாச்சு. நகரசபை வக்கீல் மூக்குக்கண்ணாடியத் துடைச்சுக்கிட்டு ஒப்பந்தத்த வாசிச்சாரு. “சலுகை எழுதினது அந்த இடத்துக்கு, நீங்க கட்டுறது இந்த இடத்துல. புது இடத்துக்குப் புதுசா வந்து கேளுங்க”ன்னுட்டாக. நம்மூர்ல சர்வே நம்பர் ஒரு எழுத்து மாறினாலே பத்திரம் செல்லாது. அமெரிக்கான்னா மட்டும் செல்லுமாக்கும்!

ஆகஸ்டுல கம்பெனிக்குக் கோவம் வந்துச்சு. ஒப்பந்தமே வேண்டாம், ரத்துப் பண்ணுங்கன்னு கடுதாசி. நகரசபையும் ரத்துப் பண்ணிருச்சு. அக்டோபர்ல ஓட்டலும் இல்லன்னாச்சு. மூடின சாண்ட்விச் கடை மறுபடி அடுப்பப் பத்த வச்சுது. யானையும் வாங்கல, அங்குசத்துக்கும் சண்டை முடியல.

என்ன, கதை முடிஞ்சிருச்சுன்னு எந்திரிக்க? உக்காரு. காரமே இனிமேத்தான்.

அந்த 2018 நவம்பர்ல ஊர்ச்சனம் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டாந்துச்சு. நகரசபைகிட்ட வரிச்சலுகை வாங்குற பெரிய ஓட்டல், ரிசார்ட்டுக எல்லாம் 2019-ல இருந்து மணிக்கு 15 டாலருக்குக் குறையாமக் கூலி குடுக்கணும். வருசம் ஒரு டாலர் ஏத்தி 2022-ல 18 ஆக்கணும். நாங்கதான் சலுகையத் திருப்பிக் குடுத்துட்டமே, எங்களுக்கு இந்தச் சட்டம் ஒட்டாதுன்னுச்சு கம்பெனி. வேலைக்காரவுக கோர்ட்டுக்குப் போனாக. முதல்ல தோத்தாக. 2023-ல மேல்கோர்ட்டு தீர்ப்பத் திருப்பிப் போட்டுது. எதக் காட்டித் தெரியுமா?

பார்க்கிங்க!

அதான்லே, நம்ம தொங்கு காது நாய் நின்ன கட்டடம். அத 1990-கள்ல நகரசபை கடன் பத்திரம் போட்டுக் கட்டிக் குடுத்திருக்கு, சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலருக்கு. வருசத்துக்கு வாடகை எவ்வளவு வச்சிருந்தாக? ஒரு டாலர். ஒண்ணே ஒண்ணு. கார் நிறுத்தினவன் குடுத்த காசு கம்பெனிக்கு. அந்தக் கடன் அடையுற கணக்குல, கம்பெனி கட்டுற வரி திரும்பக் கம்பெனி பக்கமே வந்து சேர வழி வச்சிருந்துச்சு. அதுவும் வரிச்சலுகைதான்னு சொல்லிருச்சு கோர்ட்டு. கடைசியில 50,000-க்கும் மேற்பட்ட வேலைக்காரவுகளுக்கு 23 கோடியே 30 லட்சம் டாலர் குடுத்து ராசியானாக. ஓட்டலுக்குக் கிடைக்க வேண்டிய சலுகை எவ்வளவுன்னு சொன்னேன்? பக்கத்துல வச்சுப் பாரு. வந்தும் கெடுத்துச்சு, வராமலும் கெடுத்துச்சு.

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாக. தாத்தா சொல்லுதேன், பாரு. நல்லா வாயப் பொளந்து பாரு. வயசு தெரியறதுக்கு இல்ல, கடிக்குமான்னு தெரியறதுக்கு.

இப்ப டிஸ்னிக்காரவுக சூதானமாயிட்டாக. 2023-ல பழைய டிஸ்னிலேண்ட் ஓட்டலை ஒட்டியே பன்னிரண்டு மாடியில சுமார் 350 ரூம்பு எழுப்பிட்டாக. 2024-ல நகரசபைகிட்டப் பெரிய திட்டம் ஒண்ணுக்கு ஒப்புதல் வாங்கி, பத்து வருசத்துல 190 கோடி டாலராவது போடுதோம்னு எழுதிக் குடுத்திருக்காக. அதுல கிழக்குப் பக்கக் கார்க் கட்டடமும் உண்டு. எட்டு வருசம் சுத்தி, புறப்பட்ட மரத்தடிக்கே வந்து வண்டிய அவுத்திருக்காக.

ஆகையினால எய்யா, அந்த ஈச்ச மரத்துல எட்ட வெட்டு. மலையச் சின்னதாக்கு. முதல்ல கார் நிக்கிற கட்டடத்த வரை. பக்கத்து வீட்டுக்காரன் வாசல எங்க தொடுதுன்னு பாரு. பத்திரத்துல என்ன இடம் எழுதியிருக்குன்னு பாரு. சும்மா குடுக்கிறவன் முகத்தப் பாரு. அப்புறமா குளம், குழாய், குருவிக் கூடு எல்லாம் போட்டுக்கோ. வந்தவன் வண்டிய நிம்மதியா அவுத்தாத்தான் ஓட்டல்ல கண்ண மூடுவான்.

என்ன முழிக்க? தாத்தா ஏன் மணிக்கொரு தடவ தெருவப் பாக்காருன்னா? இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. தெருக் கூட்டுற வண்டி வார நாளு. உன் காரு அந்தப் பக்கம் நிக்குதுல்லா, இப்பத்தான் ஒரு ஆளு வந்து கண்ணாடித் துடைப்பான் அடியில சீட்டு ஒண்ணு சொருகிட்டுப் போறாரு.

முதல்லயே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீதான் பார்க்கிங்கக் கடைசியில பாத்துக்கலாம்ன.