அப்பாவின் தயக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் ஜூன் 1 வந்துவிட்டால் நஞ்சைக்காரர்கள் வாயில் ஒரே கேள்விதான்: பெரியாத்துத் தண்ணி திறந்தாச்சா? தேக்கடித் தலைமதகைத் திறந்தால் மலைச் சுரங்கம் வழியே வந்து லோயர்கேம்ப்பில் இறங்கும் தண்ணீரை நம்பி, அங்கிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் கிடக்கிறது. மழை பெய்ய வேண்டியதோ மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். என் சிறுவயதில் பெரியாறு அணையின் மட்டம் மறுநாள் பேப்பரில் வரும். பொறுக்க முடியாதவர்கள் குமுளி பஸ் கண்டக்டரிடம் கேட்பார்கள். இப்போது மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் காலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. வானிலை அறிவிப்பும், போடி ஏல மையத்தில் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்பதும் கையிலேயே இருக்கின்றன. அப்படியிருந்தும், நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்ற கேள்வியின் முன்னால் அன்று நின்ற இடத்திலேயேதான் இன்றும் நிற்கிறோம். தகவல் எவ்வளவு சேர்ந்தாலும் நாளைக்கு நடக்கப்போவதில் ஒரு பங்கு தெரியாததாகவே இருக்கிறது. அந்தத் தெரியாத பங்கைத் தாங்கிக்கொள்ள எங்கள் வீட்டில் உதவியது, வீட்டு மனிதர்களின் சுபாவம்.

அப்பா தயங்குகிறவர். விதைநெல் வாங்கக் கிளம்பியவர் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நோட்டைப் புரட்டுவார். அணை மட்டம், சாரல் விழுந்த நாள், நெல் போன விலை என்று வருஷ வருஷமாக எழுதி வைத்த நோட்டுகள் அவை. ஊரில் நாற்றங்கால் பச்சை கட்டிய பிறகுதான் எங்கள் வயலில் தொளி அடிப்பார்கள். “எதுக்கெடுத்தாலும் யோசனை. நீ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊரு கதிரறுத்துட்டுப் போயிரும்” என்று அப்பத்தா ஏசும். எனக்கும் அது வெட்கமாக இருந்தது. பையன்கள் எல்லோருக்கும் சித்தப்பாவைத்தான் பிடிக்கும். அவர் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தவர். அழுகல் நோயில் ஒரு வருஷக் காய் முழுக்கப் போனபோதும், “விழுந்தா எந்திரிச்சுக்கிருவம்ணே” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மறுநாள் காலை ஜீப் ஏறிப் போனவர்.

1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்பி ஊருக்கு மேலே மச்சு அணை உடைந்தது. அந்தப் பயம் கேரளத்தில் பற்றிக்கொள்ள, பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். பலப்படுத்தும் வேலை முடியும் வரைக்கும்தான் என்று பேச்சு. எத்தனை நாளைக்கு என்று சொல்ல ஆளில்லை. 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் உறுதியாக வழிவிட்டது 2014 மே 7ஆம் தேதி. அந்த நவம்பரில்தான் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது. அப்பாவின் உழவுக் காலம் முழுவதும் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவிலேயே கழிந்துவிட்டது.

அந்த வருஷங்களில் அவருடைய தயக்கம் என்ன செய்தது என்று நோட்டுகளைப் பார்த்தால் புரிகிறது. இரண்டாம் போகத்துக்கு வயல் முழுவதையும் அவர் ஒருபோதும் நெல்லுக்குக் கொடுக்கவில்லை. ஒரு பங்கை உளுந்துக்கு ஒதுக்கினார். மட்டம் ஏறவில்லை என்று கண்ட வருஷங்களில் அந்தப் பங்கைப் பெரிதாக்கினார். கடன் வாங்கும் முன்பு, திருப்பிக் கட்ட முடியாத மாதம் எது என்று முதலில் எழுதினார். எங்கள் நிலம் கைமாறவில்லை. இதை அவருடைய திறமை என்று அன்று யாரும் சொல்லவில்லை, அதிர்ஷ்டம் என்றார்கள்.

பிறகு திராட்சை வந்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டிப் பக்கமெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் பெருகிய காலம். சித்தப்பா வற்புறுத்தி, புஞ்சையில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அப்பாவைப் பந்தல் போட வைத்தார். திராட்சை துணிச்சல்காரர்களின் பயிர். கவாத்து செய்த நாளிலிருந்து அறுப்புக்கு ஏறக்குறைய நான்கு மாதம். பழம் கனிந்து நிற்கையில் ஒரு மழை பிடித்தால் வெடித்துப் போகும். வியாபாரி பந்தலடியில் நின்று விலையைக் குறைப்பான். பழம் பறிக்காமல் நிற்காது. அப்பா தூக்கத்தைத் தொலைத்தார். சித்தப்பாவைப்போல் இருக்க முயன்றதுதான் அவரை உருக்கியது என்று இப்போது நினைக்கிறேன். அதே நேரத்தில் கடன்காரர்கள் நெருக்கியதால், நல்ல விலைக்காகச் சித்தப்பாவும் மலையில் அப்பாவைப்போலக் காயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குக் கைவராத வேலை. நாளெல்லாம் வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தார், எரிந்து விழுந்தார்.

யாருக்கு எந்த வேலை என்று பிரித்து வைத்தவர் அம்மா. “கவாத்துத் தேதிய இவுக பார்க்கட்டும். விக்கிறதுக்கு நீங்க போங்க தம்பி. வியாபாரிட்ட வெல பேசுறப்ப நான் பக்கத்துல நிக்கிறேன்” என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார். அப்பா நோட்டைப் பார்த்து, பந்தலைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு தேதியில் கவாத்துக்கு விட்டார். ஒரு மழைக்கு எல்லாப் பழமும் ஒன்றாகச் சிக்காது. மதுரை மார்க்கெட்டுக்குச் சித்தப்பா போனார். வியாபாரியின் முகத்தைப் படிக்கும் வேலை அம்மாவுடையது. மழையும் விலையும் அவற்றின் போக்கிலேயே இருந்தன. ஆனால் அப்பா தூங்கினார்.

துணிவு ஒன்றையே பலமாக நினைக்கும் பழக்கம் எங்கள் பள்ளத்தாக்குக்கு உண்டு. அதற்குக் காரணம் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக். 1887இல் வேலை தொடங்கி, கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபிறகும் விடாமல் நின்று, 1895 அக்டோபரில் அணையைத் திறக்க வைத்த மனிதர். அவர் பிறந்த ஜனவரி 15இல் எங்கள் ஊர்களில் பொங்கல் வைக்கிறோம். லோயர்கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கிறது. அந்த மரியாதையில் ஒரு துளியும் குறையக் கூடாது. ஆனால் 1808இல் இதே மலையை அளந்துவிட்டு, தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவது நடக்காத காரியம் என்று எழுதிக் கொடுத்த கேப்டன் கால்டுவெல்லை (பாதிரியார் கால்டுவெல் வேறு) எங்கள் பக்கம் யாரும் நினைப்பதில்லை. ஒரு மைலுக்கு மேல் பாறையைக் குடைய வேண்டும். டைனமைட் பிறக்கவே இன்னும் ஏறக்குறைய அறுபது ஆண்டு இருந்தது. அன்றைய கையிருப்பை வைத்து அவர் சொன்ன ‘வேண்டாம்’ சரியானது என்றே நான் நம்புகிறேன். எல்லாம் கையில் இருந்த காலத்தில் கட்டியபோதே காட்டுக் காய்ச்சலில் எத்தனையோ கூலிக்காரர்கள் செத்தார்கள்.

அம்மாவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் எந்த எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்குக் கிடைத்த பெயர் ‘ஊர்வம்பு’. 2011 டிசம்பரில் கேரளத்தோடு அணைப் பிரச்சினை முற்றி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பாதைகளில் போக்குவரத்து நின்றது. ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையில் ஜீப் ஏறிப் போன பெண்கள் மேலே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் வதந்திக்குப் பஞ்சமில்லை. அம்மா மட்டும் யார் எந்த ஜீப்பில் போனது, எந்தத் தோட்டம், அங்கே யாரிடம் போன் இருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பயந்து கிடந்த வீடுகளுக்கு அந்த ராத்திரியைக் கடக்க அதுதான் பிடி. வம்பு என்று ஏசிய வாயெல்லாம் அன்று எங்கள் வாசலில் வந்து நின்று “அத்தை, எம் பொண்டாட்டி எங்கிட்டு இருக்கா?” என்று கேட்டது.

இப்போது என் மகள் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு அடிபட்ட மாதத்தில் அங்கே ஒரு பயிற்சி நடத்தி, கிளிஃப்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையில் ஒரு தேர்வு வைத்தார்கள். 34 பலங்கள், அவற்றில் யாருக்கு எந்த ஐந்து முன்னால் நிற்கின்றன என்று அது சொல்லும். அவளுக்கு முதலில் வந்தது, தீர யோசித்து ஆபத்தைக் கணக்கிட்டு அடி வைக்கும் குணம். “அப்பா, இது நம்ம தாத்தா” என்றாள் போனில். தாத்தா வாழ்நாளெல்லாம் வசவு வாங்கிய அதே குணத்துக்கு, பேத்தி பாராட்டோடு ஒரு தாள் வாங்கியிருக்கிறாள். எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, அப்பாவுக்காகத் துக்கமும் வந்தது.

ஒரு மத்தியானத் தேர்வு ஒருவரை முழுவதும் அளந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தாள் அவள் வேலையைக் காப்பாற்றப் போவதுமில்லை. ஆனால் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கூட இருந்தவர்கள் அவசரமாக வேறு இடம் தாவியபோது, தாவ முடியாத தன்னைக் கோழை என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்தவள், அதன்பின் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம், எதைக் கற்றால் எங்கே கதவு திறக்கும் என்று. குறளில் பலத்தை அறியச் சொல்லும் வலியறிதல் அதிகாரம் முடிந்த பிறகுதான் காலமறிதல் வருகிறது. நாங்கள் சம்சாரிகள் எப்போதும் காலத்தைத்தான் முதலில் கேட்போம். வள்ளுவர் வைத்த வரிசை எனக்கு இந்த வயதில்தான் உறைக்கிறது.

சித்தப்பா மகன், என் தம்பி, சுபாவத்தில் என் அப்பாவேதான். 2018 வெள்ளமும் அடுத்த கோடையின் வறட்சியும் இடுக்கித் தோட்டங்களைச் சாய்த்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. கடன் வாங்கிக் குத்தகையைப் பெருக்கச் சொல்லி எல்லோரும் அவனை நெருக்கினார்கள், சித்தப்பாவும்தான். “நீங்க எடுத்திருப்பீங்கப்பா. எனக்கு ராத்திரி தூக்கம் வராது, வேலையும் ஓடாது” என்று அவன் சொன்னதைக் கேட்டபோது, எங்கள் வீட்டில் ஒருவன் தன் தயக்கத்தை வெட்கப்படாமல் சொன்னதை முதன்முதலாகக் கேட்டேன். 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. அவன் தோட்டம் சிறியதாகவே இருக்கிறது, கடன் இல்லை. சித்தப்பாவைக் கேட்டால், ஏறுகிற நேரத்தில் ஏறாமல் விட்டது நஷ்டமே என்று இன்றும் சொல்வார். அவர் சுபாவத்துக்கு அது உண்மைதான்.

பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் பழைய பந்தலில் பாதித் தூண்கள் சாய்ந்துவிட்டன. மீதியை வைத்து மறுபடி கொடி ஏற்றுகிறோம். கவாத்துத் தேதியைத் தம்பி குறிக்கிறான். வியாபாரியிடம் பேசுவது என் மனைவி. அம்மா காலத்தில் அவர் பேசி முடித்த விலைக்குப் பணம் அப்பா கையில்தான் எண்ணப்பட்டது, ரசீதும் அப்பா பெயருக்குத்தான். அது அநியாயம். இந்தப் பந்தலின் பணம் என் மனைவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது.