பல்கலைக்கழக மாணவர் கார் நிறுத்துமிடப் பஞ்சம்: இலக்கணமும் தீர்வும்

1. ஆய்வின் களமும் எல்லையும்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகத்தில் புளூட்டோனியம் கண்டறியப்பட்டதையும், மரபணுவை வெட்டித் திருத்தும் முறையை வகுத்தவர்களுள் ஒருவர் அவ்வளாகத்துப் பேராசிரியர் என்பதையும் அறிவியல் வரலாறு விரிவாகப் பதிவுசெய்துள்ளது. ஆனால் அவ்வறிஞர்களிடம் பயின்ற மாணவர்கள் காலை 9 மணி வகுப்புக்குத் தம் கார்களை எங்கே நிறுத்தினார்கள் என்னும் வினாவுக்கு அவ்வரலாறு போதிய இடம் ஒதுக்கவில்லை. இடம் ஒதுக்காமையே இக்கட்டுரையின் பொருளுமாகும்.

இவ்வாய்வு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை, அவற்றுள்ளும் சிறப்பாகக் கலிஃபோர்னிய வளாகங்களைக் களமாகக் கொள்கிறது. வளாகத்தை ஒட்டிய வீடுகளின் வாடகை மாணவர்க்கு எட்டாத உயரத்தில் நிற்பதாலும், எட்டும் வாடகையுள்ள ஊர்களிலிருந்து பேருந்து அரிதாகவே புறப்படுவதாலும், அங்கே பல மாணவர்க்குக் கார் ஆடம்பரப் பொருளாக இல்லாமல் கல்விச் செலவின் ஒரு பகுதியாகவே அமைந்துவிடுகிறது. மாணவர் தொகை பெருகப் பெருகப் புதிய வகுப்பறைக் கட்டடங்கள் எழுகின்றன. அவற்றை எழுப்பத் தோதான வெற்றுநிலம் பெரும்பாலும் கார் நிறுத்துமிடமாகவே இருப்பதால், கார்களைக் கூட்டும் அதே செயல் அவை நிற்கும் இடத்தைக் குறைத்தும் விடுகிறது. இருசக்கர வண்டிகளும் பேராசிரியர்களின் மனக்குறைகளும் இன்றியமையாத இடங்களில் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படும்.

2. கலைச்சொல் விளக்கம்

கட்டம் என்பது ஒரு கார் நிற்பதற்காக வெள்ளைக் கோடுகளால் வரையறுக்கப்பட்ட செவ்வகம். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் உடையது. காரை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் வேண்டிய பாதையைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு காருக்கு அதைப்போல் இரு மடங்கு நிலம் தேவைப்படுகிறது; எனவே ஒரு மாணவரின் கார், அதன் உரிமையாளர் விடுதியில் தங்கும் அறையைக் காட்டிலும் பெரிய இடத்தில் இளைப்பாறுகிறது எனக் கொள்வதில் பிழையில்லை.

அனுமதிச் சீட்டு என்பது பணம் செலுத்திப் பெறும் வில்லை. இது நிறுத்தும் உரிமையைத் தருவதாகப் பொதுமக்கள் கருதுவர்; உண்மையில் இது தேடும் உரிமையை மட்டுமே தருவது. சீட்டு பெற்றோர் அனைவரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்னும் நம்பிக்கையில், கட்டங்களின் எண்ணிக்கையைவிட மிகுதியான சீட்டுகளை நிருவாகம் விற்பது வழக்கமாதலால், இதனை வேட்டை உரிமம் என்று அழைப்பது அமெரிக்க வளாகங்களின் பழைய நகைச்சுவை. உரிமம் வைத்திருப்பவருக்கு மானைக் கொடுக்கும் பொறுப்பு அரசினுடையதன்று.

சுற்றுதல் என்பது கட்டம் காலியாகும் வரை நிறுத்துமிடத்தினுள் மெதுவாக வலம் வருவது. பஞ்சம் என்பது, வகுப்பறையிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் காலிக் கட்டம் இல்லாத நிலை. வளாகத்தின் கோடியில், விளையாட்டரங்கத்துக்கு அப்பால், வரிசை வரிசையாகக் கட்டங்கள் காலியாகக் கிடப்பது இவ்வரையறைக்கு முரணாகாது. ஏனெனில் மாணவர் கணக்கில் அவை நிறுத்துமிடங்களே அல்ல, அயலூர்கள்.

3. திணைப் பகுப்பு

அகப்பொருளை முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்குவது தமிழிலக்கண மரபு என்பதால், இப்பொருளுக்கும் அம்முறை பொருத்திப் பார்க்கப்படுகிறது. முதற்பொருளில் நிலம் என்பது தார் பாவிய வெளியும் அடுக்குமாடி நிறுத்துமிடமும். பெரும்பொழுது, இலையுதிர்காலப் பருவத்தின் முதல் இரண்டு வாரங்கள். அதன்பின் வகுப்புக்கு வரும் ஆர்வம் குறைவதால் பஞ்சமும் சற்றுத் தணியும். சிறுபொழுது, காலை 9 முதல் 11 வரை. கருப்பொருள்களாவன கட்டணப் பொறி, அபராதச் சீட்டு, அதனை எழுதுவோர், எழுதப்படுவதைத் தொலைவிலிருந்து கண்டு ஓடிவருவோர்.

உரிப்பொருளை வரையறுப்பதில்தான் சிக்கல் எழுகிறது. காத்திருப்பவர் நோக்கில் இது இருத்தல் ஆகையால் முல்லை. புறப்படுபவர் நோக்கில் பிரிதல் ஆகையால் பாலை. குறிவைத்த கட்டத்தில் வேறொருவர் நுழைந்துவிட்டபின் நிகழும் உரையாடல் ஊடலின் எல்லையைக் கடந்துவிடுவதால் அதனை மருதத்தில் அடக்க இயலாது, புறத்திணைக்கே மாற்ற வேண்டும். ஒரே கட்டத்தில் ஒரே கணத்தில் அகமும் புறமும் மயங்கும் இந்நிலையைத் தொல்காப்பியர் எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை.

4. துறைதோறும் நிகழ்ந்த ஆய்வுகள்

இச்சிக்கலை அறிஞர்கள் புறக்கணித்தார்கள் என்று யாரும் குறைகூற முடியாது. பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு இதனை ஆராய்ந்து முடித்துவிட்டது.

பொறியியல் துறையே இதில் முன்னோடி. ஓக்லஹோமா நகரின் செய்தித்தாள் ஆசிரியர் கார்ல் மகீ என்பவரின் வேண்டுகோளை ஏற்று, அம்மாநிலத்தின் வேளாண்மை மற்றும் இயந்திரவியல் கல்லூரிப் பேராசிரியர் ஹோல்கர் தூசனும், அங்குப் பயின்ற ஜெரால்ட் ஹேலும் உருவாக்கிய கட்டணப் பொறி, 1935 ஜூலை 16 அன்று அந்நகரத் தெருவில் நிறுவப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து சென்ட் கேட்ட உலகின் முதல் நிறுத்தக் கட்டணப் பொறி அதுவே. காரை நிறுத்தக் காசு கேட்கும் கருவியை உலகுக்கு அளித்தது ஒரு கல்லூரி என்பதை, அபராதம் கட்ட வரிசையில் நிற்கும் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று.

கணிதத் துறை இரு கோணங்களில் இதனை அணுகியது. ஹங்கேரியக் கணித அறிஞர் ஆல்ஃபிரெட் ரேனி 1958-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கோடு போடாத நீண்ட தெருவில் ஒரே அளவுள்ள கார்கள் மனம்போன இடங்களில் வந்து நின்றால், இனி ஒரு காரும் நுழைய முடியாத நிலையிலும் தெருவின் ஏறத்தாழ 74.76 விழுக்காடு மட்டுமே நிரம்பியிருக்கும். எஞ்சிய கால்பங்கு, காரைவிடச் சிறிய இடைவெளிகளாகச் சிதறி வீணாகும். வெள்ளைக் கோட்டின் பெருமையை இதைவிடத் தெளிவாக நிறுவிய ஆய்வு இல்லை.

அடுத்து, கான்ஹைம், வைஸ் என்னும் இருவர் கணினி நினைவகத்தில் தரவுகளை அடுக்கும் முறையை ஆராய்ந்து 1966-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வண்டி நிறுத்தச் சார்புகள் என்னும் கணிதப் பொருள் பிறந்தது. ஒருவழிப் பாதையில் எத்தனை கட்டங்களோ அத்தனை கார்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் தான் விரும்பிய கட்டத்துக்குச் செல்கிறது. அது நிரம்பியிருந்தால் முன்னோக்கி நகர்ந்து அடுத்த காலிக் கட்டத்தில் நிற்கிறது. பின்னோக்கி வர அனுமதியில்லை. விருப்பங்கள் எவ்வித ஒழுங்குமின்றி அமைந்தால், 10 கார்களுள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 24 விழுக்காடு. 100 கார்கள் எனில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழ். கட்டங்களும் கார்களும் சம எண்ணிக்கையில் இருக்கும்போதே இக்கதி எனின், கட்டங்களைவிட மிகுதியாகச் சீட்டு விற்கும் நிருவாகத்தின் துணிவை வியக்காமல் இருக்க முடியாது. இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு: எல்லோரும் நுழைவாயிலை ஒட்டிய முதற்கட்டத்தையே விரும்பினால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும், எல்லோரும் கோடியிலுள்ள கடைசிக் கட்டத்தையே விரும்பினால் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். ஆகவே வகுப்பறையை நிறுத்துமிடத்தின் நுழைவாயிலில் கட்டுவதே கணிதத்துக்கு உகந்தது. இதுவரை எந்தக் கட்டடக் கலைஞரும் இதற்கு இசையவில்லை.

வரிசைக் கோட்பாட்டினர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதியைக் கொண்டுவந்தனர். ஓர் அமைப்பினுள் சராசரியாக இருப்போர் எண்ணிக்கை, அதனுள் வருவோரின் வீதத்தையும் ஒவ்வொருவரும் அதில் கழிக்கும் நேரத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்பது அவ்விதி. மணிக்கு 120 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் 10 நிமிடம் சுற்றுவதாகக் கொண்டால், எந்தக் கணத்தில் பார்த்தாலும் 20 கார்கள் சுற்றிக்கொண்டிருக்கும். இவ்விதி சுற்றுவோரின் தொகையைத் துல்லியமாகச் சொல்லும், துயரைத் தணிக்காது.

துயரின் பகுதியை உளவியல் எடுத்துக்கொண்டது. பேரி ருபாக், டேனியல் ஜூயெங் ஆகியோர் அட்லாண்டாப் பகுதியின் வணிக வளாகமொன்றில் நடத்தி 1997-இல் வெளியிட்ட ஆய்வில், எவரும் காத்திராதபோது சராசரியாக 32 விநாடிகளில் கட்டத்தை விட்டு அகலும் ஓட்டுநர், ஒருவர் காத்திருக்கும்போது 39 விநாடிகளும், அவர் ஹார்ன் அடித்தால் 43 விநாடிகளும் எடுத்துக்கொள்வது தெரியவந்தது. இடம் பறிபோகிறது என்னும் உணர்வு, தானே விட்டுச்செல்லவிருக்கும் இடத்தின்மீதும் பற்றை உண்டாக்குகிறது என்பது இதன் பொருள். எனவே காத்திருக்கும் மாணவர் காத்திருக்காதவர்போல் தோற்றமளிப்பதே அறிவியல் வழி. கைப்பேசியைப் பார்த்தவாறு நிற்பது ஏற்கத்தக்க உத்தி.

5. தீர்வுகளின் மதிப்பீடு

முதல் தீர்வு, மேலும் கட்டுதல். அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் ஒரு கட்டத்துக்கே பல்லாயிரம் டாலர் செலவாகிறது; அச்செலவு அனுமதிச் சீட்டின் விலையில் ஏறுகிறது; விலை ஏறியதும் அடுக்குமாடியின் மேல்தளம் காலியாகிறது; மாணவர்கள் அருகிலுள்ள குடியிருப்புத் தெருக்களுக்குப் படையெடுக்கின்றனர்.

இரண்டாம் தீர்வு பெர்க்லியில் நடைமுறையில் உள்ளது. அங்கு நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களுக்கென்று அறிவிப்புப் பலகையுடன் தனிக் கட்டங்கள் ஒதுக்கப்படுகின்றன. 2011-இல் இயற்பியலுக்கும் 2020-இல் வேதியியலுக்கும் இயற்பியலுக்கும் அவ்வளாகத்தார் பரிசு பெற்றதால் இம்முறை உயிர்ப்புடன் இருப்பது தெளிவு. மாணவரும் ஸ்டாக்ஹோம் வழியாகச் சுற்றிவந்து வளாகத்தில் ஐயத்துக்கிடமின்றி ஓரிடத்தைப் பெறலாம் எனினும், கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழிவதுண்டு என்பதால், பட்டப்படிப்புக் காலத்துக்குள் இது பயன் தருவது அரிது.

மூன்றாம் தீர்வு விலை. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பேராசிரியராக இருந்து 2025-இல் மறைந்த டொனால்ட் ஷூப், இலவச நிறுத்துமிடத்தின் உயர்விலை பற்றி 2005-இல் வெளியிட்ட பெருநூலில் இதனை வாதிட்டார். தம் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வெஸ்ட்வுட் வணிகப் பகுதியின் 15 தெருப்பகுதிகளில் மட்டும், மலிவான தெருவோரக் கட்டங்களைத் தேடிக் கார்கள் ஆண்டுக்கு 9,50,000 மைல் சுற்றுகின்றன என்று அவர் கணக்கிட்டார். இது பூமியை 38 முறை வலம் வருவதற்கு ஒப்பாகும். மலிவாகக் கொடுக்கப்படும் எதற்கும் பஞ்சம் வரும். கட்டங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு எப்போதும் காலியாக இருக்கும்படி நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப விலை வைத்தால் சுற்றுதல் ஒழியும் என்பது அவர் கொள்கை. அவர் தாம் மிதிவண்டியில் வளாகத்துக்கு வந்தவர் என்பது ஆய்வாளரின் நடுநிலைக்குச் சான்றா, எதிர்ச்சான்றா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

விலைக்கு எதிராக எழும் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று: இரவுப்பணி முடித்து நேரே வகுப்புக்கு ஓட்டிவரும் மாணவரும், தந்தை வாங்கித்தந்த புதுக்காரில் வருபவரும் ஒரே கட்டணம் செலுத்துவது சமமாகத் தோன்றினும் நேர்மையாகாது. இதற்கு விடையாக அமைவதே நான்காம் தீர்வாகிய பேருந்து. கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்து மாணவர்கள் 1968-இல் லண்டனின் பழைய இரட்டைத்தட்டுப் பேருந்துகள் இரண்டைக் கொண்டு தாமே ஒரு பேருந்துச் சேவையைத் தொடங்கினர். அது இன்றும் ஓடுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-இல் எல்லாப் பேருந்துக்குமான ஒரே அட்டையை வழங்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம் 2000-இல் அடையாள அட்டையைக் காட்டினாலே கட்டணமின்றிப் பேருந்தில் ஏறலாம் என்றாக்கியபோது, முதலாண்டில் வளாகத்துக்குப் பேருந்தில் வருவது 56 விழுக்காடு உயர்ந்தது. தனியே காரோட்டி வருவது 20 விழுக்காடு குறைந்தது. ஒரு கட்டமும் கட்டாமல் கட்டங்கள் காலியாயின.

6. மறுப்பும் முடிபும்

இத்தனை துறைகள் விடை கண்டபின்னும் பஞ்சம் தொடர்வதற்குக் காரணம் அறியாமையன்று. விலையை முடிவுசெய்யும் குழுவில் அமர்வோர் அனைவரும் கார் வைத்திருப்போர் என்பது ஒரு காரணம். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், 1963-இல் ஹார்வர்டில் நிகழ்த்திய பொழிவுகளில் மற்றொரு காரணத்தை விளையாட்டாகத் தொட்டுக்காட்டினார்: தனித்தனி வணிகர்களைப்போல் அவரவர் வழியில் இயங்கும் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகமாகக் கட்டிவைத்திருப்பது, கார் நிறுத்த இடமில்லை என்னும் பொதுக்குறைதானோ என்பது அவர் ஐயம். இக்கூற்று மெய்யாயின், பஞ்சம் தீரும் நாளில் இயற்பியலாரும் இலக்கியத்தாரும் பேசிக்கொள்ள ஒன்றுமின்றிப் பல்கலைக்கழகமே கலைந்துபோகும் இடருண்டு.

இவ்வச்சம் ஆதாரமற்றது என்பதே இக்கட்டுரையின் முடிபு. வகுப்பறையை ஒட்டிய கட்டங்களுக்கு மணிக்கணக்கில் விலை வைத்து, ஏறத்தாழ ஏழில் ஒன்று எப்போதும் காலியாக இருக்குமாறு அதனை ஏற்றியும் இறக்கியும் வந்து, அவ்வருவாய் முழுவதையும் மாணவர் பேருந்துக்குச் செலவிட்டால், இடமில்லை என்னும் குறை மறைந்து, கட்டணம் மிகுதி என்னும் குறை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும்; முன்னதைவிட உறுதியாக அது எல்லாத் துறையினரையும் ஒன்றுபடுத்தும். பஞ்சம் நிலத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. குழு கூடி இதனை ஏற்கும் வரை, 9 மணி வகுப்புள்ள மாணவர்கள் 8 மணிப் பேருந்தில் வருவது நலம்.