பீன்ஸ் ஒருமையா, பன்மையா? ஒரு மொட்டைமாடி ஆய்வு

தமிழில் ‘பீன்’ என்று ஒரு காய் கிடையாது. ஒன்றானாலும் பீன்ஸ்தான், ஒரு மூட்டையானாலும் பீன்ஸ்தான். ஆங்கிலத்தில் பன்மையாகப் பிறந்த சொல், கோயம்பேட்டில் வந்து இறங்கியதும் ஒருமையாகிவிட்டது. இலக்கண அறிஞர்கள் இதை இதுவரை கண்டுகொள்ளவில்லை. ஒரே ஒரு பீன்ஸைத் தனியே நிறுத்திப் பார்க்கும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை போலும். சென்ற கோடையில் அது இந்த ஆய்வாளனுக்கு வாய்த்தது.

ஆய்வுக்களம் சென்னையில் ஒரு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பு. எட்டுப் பைகளில் தேங்காய் நார்க்கழிவும் தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் நிரப்பப்பட்டன. ஏழில் குத்து பீன்ஸ். எட்டாவதில், ஒப்பீடு இல்லாத ஆய்வு ஆய்வாகாது என்பதால், கையில் கிடந்த நாலு கொத்தவரை விதைகள். குத்து பீன்ஸைத் தேர்ந்ததற்கான அறிவியல் காரணம், அதற்குப் பந்தல் போட வேண்டாம் என்பது. 24 விதை ஊன்றியதில் 19 முளைத்தன. ஐந்தை அணில் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. மிச்சம் 14 செடி.

முன்னோரைச் சொல்லாமல் மேலே போவது மரபல்ல. பட்டாணியால் பேர் வாங்கிய மெண்டல், 1866-இல் அச்சான அதே கட்டுரையில் பீன்ஸையும் கலப்புச் செய்து பார்த்திருக்கிறார். பட்டாணி 3-க்கு 1 என்று அடங்கி நடந்தது. பீன்ஸோ பூ நிறத்தில் அவரைப் படாதபாடு படுத்தியது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் பீன்ஸ் விதைகளை எடை போட்டுப் போட்டே 1903-இல் தூய வழிக் கோட்பாட்டை நிறுவினார். 1909-இல் ‘ஜீன்’ என்ற சொல்லையும் உலகுக்குத் தந்தார். இருவர் ஊரிலும் கத்திரி வெயில் கிடையாது என்பதைப் பதிவுசெய்வது என் கடமை.

நான் விதைத்தது மார்ச் 30. குத்து பீன்ஸ் 35 முதல் 40 நாளில் பூக்கும். மார்ச் 30-உடன் 35 நாளைக் கூட்டினால் மே 4. அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள்! ஜோதிடரிடம் நாள் குறித்து வாங்கியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது. கத்திரி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தால் மட்டும் என்ன? சென்னையில் 45 டிகிரி கொளுத்தியது 2003 மே 31 அன்று. பஞ்சாங்கப்படி அப்போது கத்திரி விடைபெற்றுப் போய்விட்டிருந்தது.

பூக்கள் வந்தன. வெள்ளை வெளேரென்று வந்து, மறுநாளே பையடியில் கிடந்தன. காரணம் குறித்துக் கட்டடத்தில் இரண்டு கட்சிகள். தேனீ வராததுதான் என்றது ஒன்று. இது தவறு, பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே தன்னுள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்ளும், விருந்தாளிக்குக் காத்திருப்பதில்லை. “தினம் போய்ப் போய் எண்ணிண்டிருந்தா கண்ணு படாம என்னப்பா செய்யும்?” என்றார் கீழ்வீட்டு மாமி. இதை மறுக்க என்னிடம் தரவு இல்லை.

உண்மையில் நடந்தது வேறு. பகல் 30 டிகிரியை வெகுவாகத் தாண்டி, இரவும் தணியாவிட்டால் பீன்ஸின் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ கொட்டும். மே மாதச் சென்னை இரவு தணிவதே அரிது. போதாக்குறைக்குத் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்குகிறது. பாய் விரித்துப் படுத்து முதுகால் சரிபார்த்தேன். பச்சை வலை கட்டினேன், காய்ந்த இலையால் மூடாக்குப் போட்டேன், விடிவதற்குள் தண்ணீர் விட்டேன். இலையடியில் செம்பேன் வந்தபோது வேப்பெண்ணெய் தெளித்தேன். செடி பிழைத்தது, பூ நிற்கவில்லை. கொடி பீன்ஸாக இருந்தால் வாரக்கணக்கில் பூத்துக்கொண்டே போகும், ஒரு வாரம் போனாலும் மறு வாரம் பிடிக்கும். குத்துச்செடி ஒரே மூச்சில் பூத்து ஓய்ந்துவிடும். அந்த ஒரு மூச்சைக் கத்திரியில் விட வைத்தது நான். பந்தல் கயிற்றில் மிச்சம் பிடித்ததற்கு இதுதான் வட்டி.

“பீன்ஸெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் சமாசாரம். இங்கே போடணும்னா அக்டோபர், நவம்பர்ல போடு. ஆடியில அவரை போடுப்பா” என்றார் மாமி. இலக்கணம் மறுபடி குறுக்கிட்டது. அவரை என்றால் ஒருவரையே குறித்தாலும் மரியாதைப் பன்மை. பீன்ஸ் பன்மையாக வந்தும் ஒருமை. நம் மண்ணில் எதற்கு மதிப்பு என்பதை மொழி முன்பே தீர்மானித்துவிட்டது.

மொத்த விளைச்சல்: பீன்ஸ், ஒன்று. யோஹான்சனை நினைத்துக்கொண்டு சமையலறைத் தராசில் வைத்தேன். 4 கிராம்.

“இதை வெச்சு என்னங்க பண்றது?” என்றாள் மனைவி. குருமாவில் போடச் சொன்னேன். அரிவாள்மனையில் ஏழு துண்டானதும் அது முறைப்படி பன்மையானது. ஆகவே ‘வெந்தன’ என்பதே சரி. இலையில் என் பங்குக்கு ஒன்றும் விழவில்லை.

அன்று பொரியல் கொத்தவரங்காய். எட்டாவது பையை மூன்று வாரமாக நான் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.