பத்தாவது பிணத்துக்குக் காத்திருக்கும் கூட்டுரோடு

நம் அரசுத் துறைகளுக்குள் ஒத்துழைப்பே இல்லை என்று சொல்பவன் வாயில் ஜல்லியைக் கொட்ட வேண்டும். எந்த நான்குவழிச்சாலைக் கூட்டுரோட்டிலாவது நின்று பாருங்கள். பெரிய ரோடு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. அதில் வந்து முட்டுகிற ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, இல்லையென்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. பேரிகேடு போலீசுடையது, அதன் மேல் நகைக்கடைக்காரர் சிரிக்கிறார். ஹைமாஸ் கம்பம் எம்.பி. நிதி; பெயர் பளிச்சென்று இருக்கும், விளக்கு எரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நடுவில் விழுந்து கிடப்பவன் மட்டும் யாருடைய எல்லையிலும் வருவதில்லை.

செய்தித்தாளில் வந்துவிட்டால் 'கூட்டு ஆய்வு' உண்டு. நாலு துறைக்கு நாலு ஜீப். நாலும் திருப்பத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். டேப் பிடித்து அளப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், இளநீர் குடிப்பார்கள். பிறகு கலெக்டர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடும். ஆளாளுக்கு அடுத்த துறைக்குக் கடிதம் எழுத ஏகமனதாக முடிவாகும். இதைவிட ஒற்றுமை எந்தக் குடும்பத்தில் இருக்கிறது?

தேசிய நெடுஞ்சாலையில் ஓரிடம் 'கரும்புள்ளி' ஆவதற்கும் தகுதி வேண்டும். 500 மீட்டருக்குள், 3 ஆண்டில், உயிர் போகிற அல்லது படுகாயமாகிற விபத்து 5 நடக்க வேண்டும். அல்லது 10 பேர் சாக வேண்டும். நாலே விபத்தில் ஒன்பது பேர் செத்தால் கணக்கு இடிக்கும். உங்கள் ஊர்க்காரர் யாராவது பெருந்தன்மையோடு முன்வர வேண்டியதுதான். ஆளுக்குப் பஞ்சமில்லை. 2022இல் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் நாட்டில் முதலிடம்: 64,105. செத்தவர்கள் 17,884 பேர்.

எஃப்.ஐ.ஆரில் எப்போதும் ஒரே வாசகம்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' வண்டி ஓட்டியவன் மட்டும்தான் அஜாக்கிரதை. வளைவை மறைத்து வளர்ந்த அரளிச் செடி, ஓட்டல் வாசலுக்காக உடைத்த மீடியன், தார் போட்ட கையோடு மறந்துபோன வெள்ளைக் கோடு, இவையெல்லாம் மிக ஜாக்கிரதையானவை.

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரோட்டின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதிப்படியான பாதுகாப்பு இல்லாமல் ஆள் செத்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். ஓர் உயிருக்கு அதிகபட்ச விலையே அவ்வளவுதான். அதையாவது வசூலித்தார்களா?

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கிற காசில் பத்து ரூபாயை எடுத்து, கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எங்கள் மாவட்டத்தில் 198ஏ பிரிவில் இதுவரை எத்தனை வழக்கு? 'எமது அலுவலகத்தைச் சார்ந்ததல்ல' என்று பதில் வரும். விடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள்.