கேளுங்கள், வீசிக் காட்டுகிறோம்

கேள்வி: கனடாவிலயிருந்து வந்த மாமா ஈத்தூண்டில் ஒண்டைப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டுப் போட்டார். எந்தக் குளத்தில பழக்கிறது? (பளை)

பதில்: பள்ளிக்கூட மைதானத்தில். தண்ணீருக்கு இப்போதைக்கு வேலையில்லை. நாங்கள் போடுகிற தூண்டிலில் ஈயக்குண்டு முன்னே பறக்கும், தங்கூசி பின்னால் போகும். ஈத்தூண்டிலில் இறகு சுற்றிய பொய் ஈக்குப் பாரமே கிடையாது. பாரம் முழுவதும் அந்தத் தடித்த நூலில். அதைப் பின்னுக்கு எறிந்து, முழுதாக நீளும் வரை பொறுத்து, பிறகுதான் முன்னுக்கு எறிய வேண்டும். பொறுக்காத பிள்ளைக்கு நூல் சவுக்குப்போல் பட்டென்று வெடித்துக் காலடியில் குவியும். எனவே தலையைத் திருப்பி, நூல் நீண்டதைக் கண்ணால் கண்டபின் வீசச் சொல்லுங்கள். தலைக்கு நேரே பன்னிரண்டு மணி என்றால், தடி முன்னுக்குப் பத்திலும் பின்னுக்கு இரண்டிலும் நிற்க வேண்டும்.

நுனியில் தூண்டில் வேண்டாம். சிவப்புக் கம்பளி நூல் ஒரு துண்டு போதும். மாமாவின் ஒன்பது அடித் தடி ஏழெட்டு வயதுக் கைக்குப் பெரிது. மெல்லிய மூங்கிலில் தடித்த கம்பளி நூலைக் கட்டியும் பழக்கலாம். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம். அதற்குமேல் இழுத்தால் பிள்ளை கிரிக்கெட்டுக்குப் போய்விடும். அது பிள்ளையின் பிழையும் அல்ல.

கேள்வி: எங்கட ஊர்க் காத்துக்கு இது சரிவருமோ? (இயக்கச்சி)

பதில்: காற்றில்லாத ஊரென்றால் பளையில் காற்றாலைகளைக் கொண்டுவந்து நட்டிருப்பார்களா? சோளகக் காலத்தில் பத்து மணிக்குப் பிறகு வீசினால் ஈ உங்கள் காதில்தான் இறங்கும். விடியற்காலையில் போங்கள். வலக்கையால் வீசும் பிள்ளையை, காற்று இடப்பக்கத்தில் படும்படி நிறுத்துங்கள். நூல் உடம்பை விட்டு விலகிப் போகும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், வேடிக்கை பார்க்கிறவருக்கும் சேர்த்து.

கேள்வி: இரணைமடுவில ட்ரவுட் பிடிபடுமா?

பதில்: படாது. அது வெள்ளைக்காரர் 1880களில் முட்டையாகக் கப்பலேற்றி வந்து மலைநாட்டு ஓடைகளில் விட்ட மீன். அதைப் பிடிப்பதற்கென்றே 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கினார்கள். நுவரெலியாக் குளிரில் பிழைக்கும் அதை இரணைமடுவில் விட்டால் அரைவாசி வெந்துதான் கரைக்கு வரும். நமக்கு 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா இருக்கிறது, அதற்கு முன்பே விரால் இருக்கிறது. விரால் நீர்மட்டத்தில் தவளையை அடிக்கிற மீன். ஈயை விட இறகுத் தவளை அதற்குப் பொருத்தம். ஆனால் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தகப்பனும் காத்துத் திரியும்போது எதைப் போட்டாலும் பாய்வார்கள். அப்போது பிடிப்பது கெட்டித்தனம் அல்ல என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாக்கிளிப்புழு சும்மா கிடக்க, இறகைச் சுத்தி மீனை ஏன் ஏமாத்துவான்? (தருமங்கேணி)

பதில்: சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் ரோமில் எழுதிய ஏலியானுஸ், மக்கெதோனியர் தூண்டிலில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் இறகு இரண்டு கட்டி மீன் பிடித்ததைக் குறித்து வைத்திருக்கிறார். அங்கேயும் புழு இருந்திருக்கும். கறிக்கு மீன் வேண்டுமென்றால் புழுவோடு போங்கள், நானும் வருகிறேன். ஆனால் ஈ கட்டப் பழகும் பிள்ளை, மீன் என்ன தின்கிறது என்று தண்ணீரை உற்றுப் பார்க்கத் தொடங்கும். முற்றத்தில் உதிர்ந்த இறகு போதும். சேவலைத் துரத்துவது வேறு விளையாட்டு.

கேள்வி: வீச்சுவலை வீசிற எங்கட அப்பு இதைப் பார்த்துச் சிரிக்கிறார். (கிளாலி)

பதில்: தடியை அவரிடம் கொடுங்கள். எந்தக் கணத்தில் விடவேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். பின்னேரத்துக்குள் மாமாவுக்கே வகுப்பெடுப்பார்.

கேள்வி: பழகின பிள்ளையளைக் கரைக்குத் தனிய விடலாமோ? (முகமாலை)

பதில்: கூடாது. இதில் பகிடி இல்லை. பின்னுக்கு எறிகிற நூல் பற்றையில் சிக்கும். பிள்ளை அதை எடுக்க ஓடும். நம் பக்கத்தில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக வேலை செய்தும், மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் காணாத பிள்ளை இல்லை. ஆகவே முடிச்சுப் போடப் பழக்குமுன் நூலை அறுத்துவிடப் பழக்குங்கள். சிக்கிய ஈ போனது போனதுதான். பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும், ஆட்கள் நடந்து பழகிய கரையில் மட்டும். குளமென்றால் முதலை உண்டா என்று ஊராரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சுண்டிக்குளம் 2015இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே தடியோடு போக நினைக்க வேண்டாம்.

கேள்வி: நான் பக்கத்தில நிண்டு சொல்லச் சொல்ல மகன் பிழையாத்தான் வீசிறான். என்ன காரணம்?

பதில்: நீங்கள் பக்கத்தில் நின்று சொல்வது. போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.