டாக்டரைச் சொல்லாமல் மாற்றுதல்: சேலம் – நாமக்கல் சமவெளி வழக்காறுகள் குறித்து ஒரு முன்னாய்வு

ஆய்வெல்லை: வடக்கே ஓமலூர், கிழக்கே ராசிபுரம், தெற்கே மோகனூர்க் காவிரிக்கரை, மேற்கே பள்ளிபாளையம். 1997-ல் சேலத்தை விட்டு நாமக்கல் பிரிந்தபோது அதற்கு அரசாணை இருந்தது. இதே மண்ணில் ஒரு நோயாளி தன் டாக்டரை விட்டுப் பிரியும்போது துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இந்த ஆவணப் பஞ்சமே நம் ஆய்வுக்குத் தூண்டுகோல்.

ஒரு நிறுவனத்தின் தரம் கெட்டால் வாடிக்கையாளர் வெளியேறலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் இருந்தால் வெளியேறுவது தள்ளிப்போகும். இது ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-ல் எழுதிய நூலின் சாரம். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருமுறை வந்திருந்தால் இன்னொரு வழியையும் சேர்த்திருப்பார். உள்ளே டாக்டர் சொன்னதற்கெல்லாம் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்து செருப்பு மாட்டும்போது குரல் கொடுப்பது. "தொட்டுக்கூடப் பார்க்கலீங்க. இதுக்கு முந்நூறு ரூவா!" குரல் உண்டு, வெளியேற்றமும் உண்டு, இரண்டுமே டாக்டரின் காதுக்கு எட்டாது.

காரணங்களில் முதலிடம் ஊசிக்கு. ஊசி போடாமல் அனுப்பும் டாக்டர் இங்கே பாதி டாக்டர்தான். (சளிக்காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம் என்று சொல்ல மனத்திடம் வேண்டும்; அந்தத் திடம் உள்ளவரைத்தான் நாம் முதலில் கைவிடுகிறோம்.) நிமிர்ந்து முகம் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்ப்பது, டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் கூட்டத்தைத் தாண்டி மருந்துக் கம்பெனி ரெப் டை கட்டிக்கொண்டு உள்ளே நுழைவது, எழுதிய மாத்திரை வாசலில் உள்ள மெடிக்கலைத் தவிர வேறெங்கும் கிடைக்காதது ஆகியவை அடுத்தடுத்து வரும். இவற்றில் நோயாளி பக்கமே நியாயம் என்பது ஆய்வாளரின் கருத்து.

ஆனால் ஊரில் காரணம் கேட்டால் இவை எதுவும் வெளியே வராது. "நல்ல டாக்டருதானுங்க, நமக்குக் கைராசி அமையலை" என்பார்கள். யாரையும் பழிக்காமல் உறவை முறித்துக்கொள்ள இதைவிட நாகரிகமான வழி எந்த வழக்கறிஞருக்கும் தெரியாது.

இனி பொருட்சான்று. வெளியேறியவரின் கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று இருக்கும். அதற்குள் எக்ஸ்ரே கவர், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், காலியான மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு, பழைய மருந்துச்சீட்டு. சீட்டை உற்றுப் பார்த்தால், டாக்டர் பெயர் அச்சான மேல்பகுதி மட்டும் பின்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கும். புது டாக்டர் கேட்டால் மட்டும் பை திறக்கும். கேட்காமலே முன்னவர் சொன்ன நோயையே இவரும் சொல்லிவிட்டால், பழையவர் மேல் திடீரென்று மரியாதை பிறப்பதும் உண்டு. அதற்காக யாரும் திரும்பிப் போனதில்லை.

திசையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பள்ளிபாளையத்துக்காரர் பாலம் தாண்டி ஈரோடு போவார். ராசிபுரத்துக்காரர் சேலத்துக்கு பஸ் ஏறுவார். மூன்று ரோடு, நான்கு ரோடு, ஐந்து ரோடு என்றே இடங்களுக்குப் பெயர் வைத்த ஊரில் போக்கிடத்துக்குப் பஞ்சமில்லை. சேலத்துக்காரருக்குக் கோயம்புத்தூர். எல்லாருக்கும் மேல்முறையீடு வேலூர். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு அங்கே தொடங்கிய மருத்துவமனை இன்று இச்சமவெளியின் உச்ச நீதிமன்றம். படுத்த படுக்கையாக உள்ளவரை இடம் மாற்றும் முடிவைப் பெரும்பாலும் நாக்பூர்ப் பக்கம் லாரியில் இருக்கும் சித்தப்பாதான் போனில் எடுப்பார்: "அங்க வெச்சிருக்காதீங்க, சேலம் கூட்டிட்டுப் போயிருங்க." "எங்க பொறுப்பிலேயே கூட்டிப்போறோம்" என்று கையெழுத்துப் போட மட்டும் பக்கத்தில் நிற்பவர் வேண்டும்.

சட்டம் நோயாளிக்கு எதிராக இல்லை. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, நோயாளி கேட்டால் மருத்துவக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கேட்பதுதான் இல்லை, "பைலு கேட்டா கோவிச்சுக்குவாருங்க." அதே நெறிமுறையில் இன்னொரு விதி: ஏற்றுக்கொண்ட நோயாளியை, அவருக்கும் குடும்பத்துக்கும் முன்னறிவிப்புத் தராமல் டாக்டர் கைவிடக் கூடாது. டாக்டரைக் கைவிடும் நோயாளிக்கு அப்படி ஒரு விதியும் இல்லை.

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு இங்கேதான் கிடைக்கிறது. மறுமுறை வராதவர் குணமாகிவிட்டார் என்பதே டாக்டரின் கணக்கு. ஆக, எத்தனை பேர் மனம் கசந்து போகிறார்களோ அத்தனைக்கு அவர் கணக்கில் வெற்றி ஏறுகிறது. ஊசி, கம்ப்யூட்டர், ரெப் எதுவும் மாறுவதில்லை. முறையாக ஒருவர் சண்டை போட்டிருந்தால் அடுத்த பத்துப் பேரின் முகத்தையாவது டாக்டர் பார்த்திருப்பார்.

மீள்வருகை பற்றி ஒரு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பேரனுக்குக் காய்ச்சல், வேறெந்தக் கிளினிக்கும் திறக்கவில்லை என்றால் பழைய படியை மறுபடி ஏறித்தான் ஆக வேண்டும். டோக்கன் கொடுக்கும் பெண் கேட்கிறாள்: "என்னங்கம்மா, ரொம்ப நாளாக் காணோம்?"

"இங்க குடுத்த மருந்துலயே நல்லாயிருச்சு கண்ணு. அப்புறம் வர வேலையே இல்லாமப் போச்சு."