மீன் படாத பீர்

இங்கிலாந்தின் பீரைக் காப்பாற்றும் இயக்கம் பிறந்தது அயர்லாந்தில். 1971-இல் அங்கே விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கில இளைஞர்கள், ஊரில் நல்ல பீரே கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கிறதே என்று குடித்துக்கொண்டே வருந்தி, அந்த வருத்தத்திலேயே ஒரு சங்கம் கட்டிவிட்டார்கள். பெயர் காம்ரா. பெரிய கம்பெனிகள் பீரை வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்ட்டைக் கொன்று, வாயுவை அடைத்து விற்கத் தொடங்கியிருந்த காலம் அது. பீப்பாய்க்குள்ளேயே நொதித்து உயிரோடு இருக்கும் பழைய பீர்தான் வேண்டும் என்று இவர்கள் கொடி பிடித்தார்கள். போதையில் எடுத்த முடிவுகளில் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்பது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கல்யாணங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தப் புண்ணியத்தில் இன்று இங்கே மூலைக்கு மூலை பீர் திருவிழா. எங்கள் தெருமுனை பப்பிலும் ஆகஸ்ட் கடைசி வாரம் பின்கட்டுத் தோட்டத்தில் கூடாரம் போட்டுவிடுவார்கள். கூடாரம் போட்டதும் மழை வரும். இந்த முறை மழையோடு என் மனைவியின் அண்ணனும் வந்திருந்தார், ராமநாதபுரத்திலிருந்து.

மச்சான் சுத்த சைவம். முட்டை கலந்திருக்குமோ என்று பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முன்பக்கத்தைத் திறப்பார். ஆனால் பீருக்கு விலக்கு உண்டு. “பார்லித் தண்ணிதானே மாப்ளே? கிட்னில கல்லு இருந்தா டாக்டரே குடிக்கச் சொல்றார்” என்றார். அவருக்குக் கல் எதுவும் இல்லை, வருமுன் காக்கிறார். ஒரே நிபந்தனை, போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பக் கூடாது.

வாசலில் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரும் கட்டம் போட்ட அட்டையும் கொடுத்தார்கள். டம்ளரில் மூன்று கோடுகள்: ஒரு பைன்ட், அரை, மூன்றில் ஒரு பங்கு. எந்தக் கோடு வரை ஊற்றச் சொல்கிறோமோ அதற்கேற்ப அட்டையில் கட்டங்களைப் பேனாவால் அடித்துவிடுவார்கள். பைன்ட் என்றால் 568 மில்லி என்றேன். மச்சான் மூன்றால் வகுத்தார். “189. ஒரு குவாட்டரும் ஒம்பது மில்லியும்.” தமிழ்நாட்டின் கணக்குப் பாடம் வீண்போகவில்லை.

மரச்சட்டங்களின் மேல் பீப்பாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. இரண்டு மூன்று நாள் முன்பே கொண்டுவந்து, அசைக்காமல் வைத்து, மண்டி அடியில் படிந்த பிறகுதான் குழாய் அடிப்பார்கள். சூடு ஏறாமலிருக்கக் குளிர்போர்வை வேறு. ஆனாலும் இந்த பீர் 11 முதல் 13 டிகிரி வரை இருப்பதுதான் முறை. அதற்குக் கீழே போனால் ருசி செத்துவிடும் என்பார்கள். மச்சான் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். “கூலிங் இல்லியே மாப்ளே?” கன்னத்தில் வைத்தும் பார்த்தார். பிறகு பலகையில் எழுதியிருந்த சதவீதத்தைப் பார்த்தார். 3.8. நம்மூர் ஸ்ட்ராங் பீரில் பாதிகூட இல்லை. “இதுக்கா இவ்வளவு கூட்டம்?”

பெயர்ப் பட்டியல் அவரை இன்னும் கலவரப்படுத்தியது. ‘ஓல்டு ஸ்பெக்கிள்டு ஹென்’ – புள்ளிக்கோழி. ‘பிளாக் ஷீப்’ – கறுப்பு ஆடு. ‘பிஷப்ஸ் ஃபிங்கர்’ – பிஷப்பின் விரல். “கோழி, ஆடு, மனுச விரல். இது பீர் கடையா, பிரியாணிக் கடையா?”

அங்கேதான் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் உள்ளே புகுந்தார். வேலிக்கு அந்தப்புறம் நின்று “மழை வரும்போலிருக்கிறது” என்பதற்கு மேல் என்னிடம் பேசாத மனிதர். பீர் என்றதும் மடை திறந்துவிட்டது. கோழி கோழியே இல்லையாம். ஆபிங்டனில் இருந்த எம்.ஜி. கார் தொழிற்சாலையில் பெயின்ட் தெறித்துப் புள்ளி புள்ளியாகக் கிடந்த பழைய காரின் செல்லப்பெயர். ஆலையின் பொன்விழாவுக்காக 1979-இல் காய்ச்சிய பீருக்கு அதையே வைத்தார்களாம். விரல், கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்களுக்கு வழிகாட்டும் கைகாட்டி மரம். ஆடுதான் கொஞ்சம் ரத்த சம்பந்தம்: தீக்ஸ்டன் என்ற பீர் காய்ச்சும் குடும்பத்தின் பிள்ளை தனியே பிரிந்து 1992-இல் அதே ஊரில் தொடங்கிய கடை. பங்காளிச் சண்டை என்றதும் மச்சானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடனே ஆட்டில் ஒரு 189 வாங்கினார். பெரியவருக்கும் வாங்கித் தருகிறேன் என்றார். நம்மூர் வழக்கப்படி அவர் இரண்டு தடவையாவது மறுப்பார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பெரியவர் “சியர்ஸ்” என்று சொல்லி டம்ளரை நீட்டிவிட்டார், அதுவும் முழு பைன்ட் கோட்டுக்கு.

கூடாரத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகக்காரர்கள். டிக்கர் என்பார்கள், இதுவரை குடிக்காத பீரைத் தேடிக் குடித்து, பெயருக்கு எதிரே டிக் அடிப்பதே இவர்களின் பிறவிப்பயன். ஒருவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மழை கூடாரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து, நோட்டில் இரண்டு வரி எழுதி, மிச்சத்தைக் குட்டி பாட்டிலில் ஊற்றி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். டிசம்பர் சீசனில் முன்வரிசை மாமாக்கள் ஆலாபனையின் முதல் பிடியிலேயே ராகத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்ப்பார்களே, அதே முகம், அதே பென்சில். பாட்டில்தான் புதிது. கம்பிவலைக்குள் கையை விட்டு வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, குடிப்பதை இப்படிப் படிப்பாகப் படிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. மச்சானுக்கு இன்னும் பழக்கம் விடவில்லை. பக்கத்து மேசைக் குழந்தை திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் டம்ளரை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். அங்கே படுத்திருந்த நாய் ஒருமுறை ருசி பார்த்துவிட்டது.

இரண்டாவது 189-ஐ விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “என்ன தெளிவு!” என்று மச்சான் வியந்தார். வியந்திருக்க வேண்டாம். எப்படி இந்தத் தெளிவு வருகிறது என்று பெரியவர் ஆசையாக விளக்கத் தொடங்கினார். மீனின் காற்றுப்பையைக் காயவைத்து, கரைத்து, பீப்பாயில் ஊற்றுவார்கள். ஐசிங்கிளாஸ் என்று பெயர். மிதக்கும் ஈஸ்ட்டையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். முற்காலத்தில் ரஷ்யாவின் ஸ்டர்ஜன் மீனிலிருந்து எடுத்தார்களாம்.

நான் மொழிபெயர்க்காமல் விட்டிருப்பேன். ஆனால் ‘ஃபிஷ்’ என்ற சொல் மச்சானுக்குத் தெரியும்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். “நெட்டியா?” என்றார். “நம்ம பாம்பன் பக்கம் கூறல் மீன் மாட்டினா, கறியைவிட நெட்டிக்குத்தான் மாப்ளே விலை. வெளிநாட்டுக்குப் போகுதுன்னாங்க. மருந்துக்குன்னுல்ல நினைச்சிக்கிட்டிருந்தேன்!” விமானம் ஏறி, கடல் தாண்டி வந்து, சொந்த மாவட்டத்துச் சரக்கிடமே மாட்டிக்கொண்டோமோ என்ற திகில் முகத்தில் தெரிந்தது.

அது அடியிலேயே தங்கிவிடும், டம்ளருக்கு வராது என்று பெரியவர் சமாதானம் சொன்னார். மச்சான் கேட்கவில்லை. நல்லவேளை, நெட்டி சேர்க்காத பீப்பாய் ஒன்று கடைசியில் இருந்தது. கலங்கலாக, மஞ்சளாக, கொஞ்சம் பழவாசனையோடு. இப்போதெல்லாம் வீகன்களுக்காக இப்படி நிறையக் காய்ச்சுகிறார்கள். ஒரு மணி நேரம் முன்பு தெளிவைப் புகழ்ந்தவர், கலங்கலைக் கையில் வாங்கி, “பாருங்க, இதுல ஒளிவுமறைவே இல்லை” என்றார்.

கடைசி ஆர்டருக்கு மணி அடித்தபோது அவர் அட்டையில் நான்கு கட்டங்கள் மீதம். காசாகத் திருப்பி வாங்கலாம், இல்லை அட்டையை உண்டியலில் போடலாம். உண்டியல் ஆர்.என்.எல்.ஐ.க்கு, கடலில் தத்தளிப்பவர்களை மீட்க 1824 முதல் நன்கொடையில் ஓடும் படகுச் சங்கம். பைசா விடாத மச்சான், உண்டியலில் ஒட்டியிருந்த படகுப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அட்டையை உள்ளே போட்டார்.

“மீன் விஷயத்துல ஒரு பாக்கி இருக்கு மாப்ளே. கடல் பக்கமே போய்ச் சேரட்டும்.”

பெரியவர் நெகிழ்ந்துபோனார். என்னைத் தனியே அழைத்து, “உங்கள் மைத்துனர் மீனவக் குடும்பமா?” என்று கேட்டார்.